முள் பார்க்கிற வேலை

இஷ்தியாக் அகமது தன் பழைய அம்பாசிடரைச் சுந்தரமூர்த்திக்குக் கொடுத்த அன்று, "ஏசி வச்ச வண்டி, மூர்த்தி" என்று மூன்று தடவை சொன்னார். அது கொதிக்கும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

1984ஆம் வருஷம், தை மாதம். ஆம்பூரில் இஷ்தியாக் அகமதுவின் தோல் பதனிடும் ஷாப்பில் சுந்தரமூர்த்தி இருபத்திரண்டு வருஷமாகக் கலர் மாஸ்டர். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் தோலைக் காட்டி இந்த நிறம் வேண்டும் என்று கேட்டால், டிரம்மில் எதை எவ்வளவு போட வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். முதலாளி மதராஸில் புது வண்டி எடுத்தார். பழையதை வெளியாளுக்கு விற்க மனசு வராமல், பேருக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு சாவியை அவர் கையில் வைத்தார்.

வண்டி கஸ்பா தெருவுக்குள் நுழைந்தபோது சுந்தரமூர்த்தியின் மனைவி அமிர்தவள்ளி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வண்டியா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வண்டியை விட்டு இறங்கிய மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்காமல் விட்டுவிட்டாள். கல்யாணத்தன்று மாலையோடு நின்றபோதுகூட அவர் முகம் அவ்வளவு மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

ஏசி என்பது முன்பலகைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டி. அதில் இரண்டு திருகுகள். ஒன்று காற்றுக்கு: ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்கும். இன்னொன்று குளிர்ச்சிக்கு. சுந்தரமூர்த்திக்கு இரண்டிலும் ஒரே ஒரு நிலைதான் தெரியும். முழுசாகத் திருகிவிடுவார். நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவார்.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன். முட்டி வெறைக்குது" என்றாள் அமிர்தவள்ளி, முதல் தடவை வேலூர்க் கோவிலுக்குப் போகும்போது.

"கம்மி பண்றதுக்கா ஏசி வெச்சிருக்குது?"

"கண்ணாடியாவது எறக்கலாமில்ல?"

"கண்ணாடி ஏத்தியிருந்தாத்தான் ஏசி வண்டின்னு நாலு பேருக்குத் தெரியும்."

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது. காற்று முழுவதையும் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முட்டியில் கொண்டுபோய்க் கொட்டும். தலைக்கு மேலே வெயிலில் காய்ந்த தகரம் அனல் கக்கும். அமிர்தவள்ளிக்கு இடுப்புக்குக் கீழே மார்கழி, கழுத்துக்கு மேலே கத்திரி. அடுத்த தடவையிலிருந்து ஒரு கனத்த துண்டை எடுத்துவந்து முட்டியைச் சுற்றிக்கொண்டாள்.

முன்பலகையில் இருந்த வட்டங்களில் ஒன்றில் ஒரு சின்ன முள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. முதல் நாளே அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அந்த முள்ளு இன்னாத்துக்கு?"

"எஞ்சின் சூட்டைக் காட்டுது."

"ஏறிக்கினே போவுதே?"

"வண்டி ஓடினா சூடு ஏறத்தான் செய்யும். அடுப்பு எரியறப்ப பாத்திரம் சில்லுனா இருக்கும்?"

அந்த முதல் பயணத்திலேயே, பள்ளிகொண்டா தாண்டி ஒரு மைல் போவதற்குள் முள் சிவப்புக் கோட்டில் போய் இடித்தது. பானெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது. சுந்தரமூர்த்தி வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அடுத்த நொடி "அம்மா!" என்று அலறிப் பின்னால் விழுந்தார். கொதிக்கிற தண்ணீர் ஊற்றுபோலப் பீறிட்டு, வலது முன்கையில் முழங்கைவரை அடித்துவிட்டது.

அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, கையில் தண்ணீர் ஊற்றினார். "சூடா இருக்கறப்ப மூடியத் தொடவே கூடாது சார். அரை மணி நேரம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். புங்கமரத்து நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கோவில் தரிசனம் போனது. கையில் கொப்புளம்தான் வந்தது.

கொப்புளம் ஆறியது. வண்டி ஆறவில்லை. மாசியில் இரண்டு தடவை, பங்குனியில் மூன்று தடவை கொதித்தது. சுந்தரமூர்த்தி டிக்கியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டார். தோல் ஷாப் குழாயில் அதை நிரப்பி எடுத்துவருவார். கொதித்தால் நிறுத்துவார், ஆறவிடுவார், ஊற்றுவார், கிளம்புவார். குறை என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். முதலாளி கொடுத்த வண்டியைக் குறை சொல்வது முதலாளியையே குறை சொல்வதுபோல என்று அவருக்கு நினைப்பு. தெருவில் யாராவது விசாரித்தால், "பெரிய வண்டி, கொஞ்சம் தாகம் ஜாஸ்தி" என்பார்.

அமிர்தவள்ளி அவ்வப்போது சொல்லிப் பார்த்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பால் அடுப்பில் இருக்கும்போது வேறு வேலை பார்த்தாலும் அவளுக்கு ஒரு கண் பால் மேலேயே இருக்கும். அந்தக் கண்ணால் பார்த்தாள். காலியான ரோட்டில் வேகமாகப் போனால் முள் பாதியில் நிற்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தால் ஏறுகிறது. நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடினால் மடமடவென்று ஏறுகிறது. இவ்வளவும் அவளுக்கு மனப்பாடம்.

ஒருநாள் மாதனூர் பக்கத்தில், வழி விடாத ஒரு பஸ்காரரோடு சுந்தரமூர்த்தி ஹார்ன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அமிர்தவள்ளி சத்தமில்லாமல் கையை நீட்டிக் குளிர்ச்சித் திருகை அணைத்தாள். காற்றை மட்டும் ஓடவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் முள் ஒரு நக அகலம் கீழே இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு மைல் கழித்துத்தான் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இன்னாது இது, ஏசி வேலை செய்யலியா?"

"நான்தான் நிறுத்தினேன். முள்ளப் பாருங்க."

அவர் முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி ஏசியைப் போட்டார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகாமல், பைபாஸ் ரோட்டில் அப்துல் வஹாபின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினார்.

வஹாப் பாய் ஒல்லியான ஆள். காதில் எப்போதும் பென்சில் சொருகியிருப்பார், அதை வைத்து அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. வண்டி முழுசாக ஆறும்வரை பானெட்டையே தொடவில்லை. பிறகு முன்பக்கத்து ஜாலி என்கிற கம்பித் தடுப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், வண்டிய எங்க நிறுத்தறீங்க?" என்று கேட்டார்.

"ஷாப்புலதான். பஃபிங் ஷெட்டுக்குப் பக்கத்துல."

"அதான் பாத்தேன். ஏசிக்குன்னு ஒரு ஜாலி, ரேடியேட்டர் மூஞ்சிக்கு முன்னாடி நிக்குது. அவன் ஒருத்தன் நின்னாலே பின்னாடி இருக்கறவனுக்குக் காத்து கம்மி. ரெண்டுக்கும் நடுவுல உங்க தோல் தூளு மெத்தை மாதிரி அடைச்சிருக்குது. அது மூச்சு எப்படி வுடும்?"

தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கிற தூள் அது. பழைய பிரஷால் தட்டித் தட்டி அவர் எடுத்தபோது ஒரு முறம் நிறைய விழுந்தது. ஆனால் வஹாப் பாயின் முகம் தெளியவில்லை. ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் சாய்த்து, மேல் வாய்க்குள் டார்ச் அடித்தார். பிறகு அமிர்தவள்ளியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"அம்மா, நீங்களே பாருங்க."

உள்ளே மெல்லிய பித்தளைக் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரிந்தது. பாதிக் குழாய்களின் வாயைக் காணவில்லை. வெள்ளையும் மஞ்சளுமாகக் கல் மாதிரி ஏதோ மூடியிருந்தது. அமிர்தவள்ளிக்கு அது புதுசாகப் படவே இல்லை.

"இது எங்க வெந்நீர் அண்டாவுல இருக்கற உப்பாச்சே!" என்றாள். பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கேன்ல இன்னா தண்ணி புடிச்சிக்கினு வர்றீங்க?"

"ஷாப் குழாய்த் தண்ணிதான்."

"பருப்பு வேகாத தண்ணிய எஞ்சினுக்கு ஊத்தறீங்களா?"

ஆம்பூரில் எந்த வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. குளிக்க, துவைக்க உப்புத் தண்ணீர். குடிக்க, பருப்பு வேகவைக்க நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை, தோல் ஷாப்புகள் இருக்கிற பக்கமெல்லாம் கிணற்றைத் தோண்டினால் அதுதான். நல்ல தண்ணீர் மலையடிவாரத்து மிட்டாளத்திலிருந்து மாட்டுவண்டியில் வரும். எந்தக் கிணறு எந்த மாசத்தில் கரிக்கும் என்று தெருப் பெண்களுக்கெல்லாம் தெரியும். வாரம் ஆறு நாள் டிரம்மோடும் தோலோடும் கிடக்கிற மனுஷனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"அம்மா சொல்றதுதான் ரைட்டு" என்றார் வஹாப் பாய். "கொதிச்சு ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு உள்ளயே உக்காந்துக்கும். நீங்க மறுபடி அதே தண்ணிய ஊத்துவீங்க. அது மறுபடி உக்காரும். மொதலாளி வண்டியா இருந்தப்பவும் இதே கதைதான் நடந்திருக்கும்."

"வேலூருக்கு அனுப்பிப் பிரிச்சுக் குத்தி எடுக்கணுமா?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி. பதிலுக்குக் காத்திராமல், "ஷாப்புல ஆசிட் இருக்குது, பாய். ஒரே நாள்ல கரைஞ்சிடும்" என்றார்.

"உப்பு கரையும். பித்தளையும் கரையும். ஒட்டுப் போட்ட ஈயப் பத்து எல்லாம் வுட்டுப்போயிடும். அப்புறம் நீங்க ரேடியேட்டர்ல சல்லடை மாதிரி மாவு சலிக்கலாம்."

அமிர்தவள்ளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எங்க வீட்டு அண்டாவுக்குப் புளித்தண்ணி ஊத்தி ஒரு நாள் ஊறவெப்பேன். உரிச்ச மாதிரி வந்துடும்."

சுந்தரமூர்த்தி சிரித்தார். வஹாப் பாய் சிரிக்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

"திப்பி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வெள்ளைத் துணியில மூணு தடவை வடிகட்டணும்" என்றார்.

"நாலு தடவை வடிகட்டறேன்."

மறுநாள் அமிர்தவள்ளி போன வருஷத்துக் கறுத்த புளியை எல்லாம் எடுத்துக் கரைத்து, பழைய வேட்டியில் நாலு தடவை வடிகட்டி, இரண்டு குடத்தில் அனுப்பினாள். வஹாப் பாய் அதைச் சுடவைத்து ரேடியேட்டரில் நிரப்பி, வாயை மூடி, ஒரு நாள் குப்புற, ஒரு நாள் மல்லாக்கப் போட்டுவைத்தார். இப்படி மூன்று ரவுண்டு நடந்தது. ஒர்க்‌ஷாப் முழுக்க ரச வாசனை. போகிறவர் வருகிறவரெல்லாம் "இன்னா பாய், ஓட்டல் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது தடவை கவிழ்த்தபோது தட்டுத் தட்டாக உப்பு விழுந்தது. சோடா உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய் வாயெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இரண்டே இரண்டு மட்டும் அடைத்தபடியே இருந்தன.

"அது இருந்துட்டுப் போவட்டும்" என்றார் வஹாப் பாய். பெல்ட்டை இறுக்கினார், வெடித்திருந்த ரப்பர் குழாயை மாற்றினார், மூடியின் வாஷரையும் மாற்றினார். பிறகு சாவியை மாஸ்டரிடம் கொடுத்தாலும் பேச்சை அமிர்தவள்ளியிடம் வைத்துக்கொண்டார். "அம்மா, வாரத்துக்கு ஒரு தடவை, காலையில சில்லுன்னு இருக்கறப்ப மூடியத் தொறந்து பாருங்க. கொறைஞ்சா நல்ல தண்ணி மட்டும். நின்ன எடத்துல சூடு ஏறினா, ஏசிய நிறுத்திட்டு, நியூட்ரல்ல போட்டு லேசா ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லுங்க. காத்தாடி ஜோராச் சுத்தும், தண்ணியும் ஓடும்."

அன்றிலிருந்து திங்கட்கிழமை காலையில் கோலம் போட்ட கையோடு ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பதும் அமிர்தவள்ளியின் வேலையாயிற்று. வண்டியும் பஃபிங் ஷெட்டை விட்டு ஷாப்பின் மறுகோடிக்குப் போனது. சித்திரை பாதிவரை ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம், முதலாளி ஆளனுப்பினார். அவருடைய அம்மா நசீமுன்னிசாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் பற்றிப் பேசச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் நேரம் கொடுத்திருந்தார். புது வண்டி வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவர மீனம்பாக்கம் போயிருந்தது. இஷ்தியாக் அகமதுவே வீட்டு வாசலில் நின்று அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டார்.

"மூர்த்தி, அம்மாவுக்கு வெயில் சுத்தமா ஆவாது. அவங்களுக்காகத்தான் இந்த ஏசியே வெச்சேன். நிறுத்திடாதீங்க."

"நீங்க கவலையே படாதீங்க, மொதலாளி" என்றார் சுந்தரமூர்த்தி. இரண்டு திருகையும் கடைசிவரை திருகினார்.

அமிர்தவள்ளி துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நசீமுன்னிசா பர்தாவுக்குள் அசையாமல், பேச்சில்லாமல் வந்தார். மாதனூர் தாண்டியது, பள்ளிகொண்டா தாண்டியது. முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே, சமர்த்தாக நின்றது. சுந்தரமூர்த்தி சீட்டியடிக்காத குறை.

பொய்கை வந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கையில் மாட்டுச் சந்தை என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மாடுகள், நடுவில் மாடு ஏற்றிய லாரிகள், குறுக்கே திருப்பமுடியாமல் நின்ற ஒரு டிரெய்லர். முன்னால் பஸ், பின்னால் பஸ். வண்டி நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. முள் கிளம்பியது.

"ஏங்க, முக்காலுக்கு வந்துட்டுது" என்றாள் அமிர்தவள்ளி அடிக்குரலில்.

"இருக்கட்டும்."

"ஏசிய நிறுத்துங்க."

"மொதலாளி சொன்னது காதுல விழலியா?" அவரும் அடிக்குரலில்தான் பேசினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "பின்னாடி யார் உக்காந்திருக்காங்க தெரியுமில்ல?"

முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு அரிசி அகலத்தில் நின்றது. அமிர்தவள்ளி திருகைப் பார்த்தாள். இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் வேற்று மனுஷர் முன்னால் அவர் பேச்சை அவள் தட்டியதில்லை. ஆனால் இது கொதித்தால் இந்த நெரிசலில், இந்த வெயிலில், அந்த அம்மாளை எங்கே இறக்கி உட்காரவைப்பது? டாக்டர் காத்திருப்பாரா? அவள் கையை நீட்டி இரண்டு திருகையும் அணைத்தாள்.

பெட்டியின் இரைச்சல் சட்டென்று நின்றது. சுந்தரமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நியூட்ரல்ல போட்டு லேசா மிதிங்க" என்றாள் அவள். பிறகு பின்னால் திரும்பினாள். "பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. வண்டி சூடாயிட்டுது, நான்தான் ஏசிய நிறுத்தினேன். கண்ணாடிய எறக்கட்டுமா?"

பின்சீட்டில் பர்தா அசைந்தது.

"நிறுத்திட்டியா?" என்றார் நசீமுன்னிசா. "நெஜமாவே நிறுத்திட்டியா?"

"ஆமாம், பெரியம்மா."

"அல்லா உன்னை நல்லா வெக்கட்டும்! எறக்கு, எறக்கு, நாலு கண்ணாடியும் எறக்கு."

அமிர்தவள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. நசீமுன்னிசா முகத்திரையைத் தூக்கிப் பின்னால் போட்டார். வெளுத்து, களைத்து, இப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருந்த முகம். பர்தாவை முட்டிவரை லேசாகத் தூக்கிக் காட்டினார். காலில் ஊட்டிக் குளிருக்குப் போடுகிற முரட்டுக் கம்பளிக் காலுறை, முட்டிவரை.

"ரெண்டு வருஷமா இதைப் போட்டுக்கினுதான் இந்த வண்டியில ஏர்றேன். எனக்கு வாதக் காலு. அந்தக் குளிர் பட்டா ராத்திரி பூரா பேஜாரு. புள்ள மதராஸ் வரைக்கும் போய், ஆசை ஆசையா எனக்குன்னு வெச்சான். வேணாம்னு எந்த வாயால சொல்றது? 'சில்லுனு இருக்குதா அம்மா?'ன்னு கேப்பான். 'ரொம்ப சொகமா இருக்குதுப்பா'ம்பேன்."

அமிர்தவள்ளி தன் முட்டியில் சுற்றியிருந்த துண்டை உருவி எடுத்து உயரத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நசீமுன்னிசாதான் சிரித்தார். பிறகு இருவருக்கும் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

சுந்தரமூர்த்தி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முள் தயங்கி நின்று, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. அவர் தோளும் அதோடு சேர்ந்து இறங்கியது. "எங்கிட்ட யாருமே ஒண்ணும் சொல்றதில்ல" என்றார் கடைசியில்.

"நான் மூணு மாசமா சொல்லிக்கினுதான் இருக்கேன்" என்றாள் அமிர்தவள்ளி.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணாடி இறங்கியதும் அனல் காற்றோடு சாணி வாசனையும் வைக்கோல் வாசனையும் உள்ளே வந்தன. நசீமுன்னிசா ஜன்னலில் கையை ஊன்றி, மங்கலான கண்ணைச் சுருக்கிக்கொண்டு சந்தையைப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த வழியில் போயும் ஏற்றிய கண்ணாடிக்கும் திரைக்கும் பின்னால் உட்கார்ந்தே போனவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களைக் காட்டி, "அவங்க ஏன் கை புடிச்சிக்கினு நிக்கிறாங்க?" என்று கேட்டார். அமிர்தவள்ளி விளக்கினாள். கொம்புக்கு நீலச் சாயம் பூசிய ஒரு காளை வண்டியை உரசிக்கொண்டு போய், பின்சீட்டுக்குள் தலையை நீட்டி ஒரு மூச்சு விட்டது. "அடே ஷைத்தான்!" என்று கத்தினார் நசீமுன்னிசா. பயத்தைவிட அதில் சந்தோஷம்தான் ஜாஸ்தியாக இருந்தது.

கால் மணி நேரத்தில் டிரெய்லர் திரும்பியது. வேலூருக்குள் நுழையும்போது பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஆனி மாசம் முதல் வாரத்தில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆம்பூரில் வண்டி நின்றதும் இஷ்தியாக் அகமது ஓடிவந்து கதவைத் திறந்தார். "அம்மா, வெயில் தெரியலியே?" என்றார்.

"கொஞ்சங்கூடத் தெரியல" என்றார் நசீமுன்னிசா. முகம் வெயிலில் சிவந்திருந்தது. பிறகு, அதற்காகவே யோசித்து வைத்திருந்ததுபோலச் சொன்னார். "ஆபரேஷனுக்கும் மூர்த்தி வண்டியிலேயே போறேன். அந்தப் பொண்ணு கூட வந்தா எனக்குத் தெம்பா இருக்குது."

அப்படித்தான் நடந்தது. ஆபரேஷனுக்கும், கட்டுப் பிரிக்கவும், மூக்குக்கண்ணாடி வாங்கவும் நசீமுன்னிசா அந்த அம்பாசிடரிலேயே போய்வந்தார். தெருமுனை தாண்டும்வரை ஏசி ஓடும். தாண்டியதும், யாரும் சொல்லாமலே, அமிர்தவள்ளியின் கை திருகுக்குப் போகும். கண்ணாடிகள் இறங்கும். கண் தெளிந்த பிறகு அந்த அம்மாள் ரோட்டோரத்துப் பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார்.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்சாதியும் மட்டும் கட்டுச்சோற்றோடு, வேலூருக்கு அந்தப் பக்கம் மலைக்காட்டில் இருக்கிற அமிர்திக்குப் போனார்கள். அருவியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், மான்களைப் பார்த்தார்கள், திரும்பும்போது மணி ஐந்து. பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் வானம் கறுத்து, ஒரேயடியாகக் கொட்டியது. கண்ணாடியை ஏற்றினார்கள். ஏற்றிய இரண்டு நிமிஷத்தில் முன்கண்ணாடி உட்பக்கம் பனி மூடியதுபோல வெளுத்துவிட்டது. வைப்பர் வெளியே அடித்து என்ன செய்வது? சுந்தரமூர்த்தி சட்டைக் கையால் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி மூடியது. எதிரே வருகிற லாரியின் விளக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி தெரிந்தது.

"ஓரமா நிறுத்திடறேன், அமிர்தம். ஒண்ணும் தெரியல."

"ஒரு நிமிஷம் இருங்க."

அவள் முன்பக்கம் குனிந்து ஏசியைப் போட்டாள். காற்றை இரண்டில் வைத்து, முட்டியைப் பார்த்திருந்த தகட்டை விரலால் மேலே தள்ளி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கண்ணாடியின் அடியில் ஒரு கீற்று தெளிந்தது. அது உள்ளங்கை அளவாகி, முறம் அளவாகி, கொஞ்ச நேரத்தில் ரோடு முழுசாகத் தெரிந்தது. நனைந்த புளியமரங்கள், மடிப்பு மடிப்பாக ஓடும் மழைத் தண்ணீர், குடை பிடித்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஒரு ஆள்.

சுந்தரமூர்த்தி வாயைப் பிளந்தார். "இது எப்படி உனக்குத் தெரியும்? வஹாப் பாய் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. போட்டுப் பாத்தேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். பிறகு, "ரெண்டுல இருந்தாப் போதுமா, இல்ல மூணுல வெக்கலாமா?" என்று கேட்டார்.

"ஒண்ணே போதும்" என்று சொல்லிக் குறைத்தாள் அமிர்தவள்ளி.

மாதனூரில் மழை இன்னும் விடவில்லை. ஒரு கடையில் எண்ணெய்ச் சட்டி புகைந்துகொண்டிருந்தது. வண்டியைக் கூரையோரம் ஒட்டி நிறுத்தி, ஜன்னலை நாலு விரல் மட்டும் இறக்கி, மசால் வடை வாங்கினார்கள். செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய அந்தப் பொட்டலத்தை மடியில் பிரித்துவைத்துக்கொண்டு, வாய் சுடச் சுட, அவசரமில்லாமல் தின்றார்கள்.